சுவரொட்டிக்கு இரண்டு அர்த்தம்

(சிங்கப்பெருமாள் கோவிலில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்காக நடந்த இரண்டு நாள் ஓவியப் பட்டறையின் நிறைவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சுவரொட்டி என்ற வார்த்தைக்கு எங்க வீட்டில் இரண்டு அர்த்தம். ஒன்று நான் எழுதுகிற சுவரொட்டி. மைதாப் பசை காய்ச்சி, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுவது. இன்னொன்று கறிக்கடைச் சுவரொட்டி. படிச்சவங்க மண்ணீரல் என்பார்கள். உடம்பில் இரத்தம் இல்லாத பிள்ளைக்கும், பிள்ளை பெற்ற பொம்பளைக்கும் அதைச் சுட்டுக் கொடுப்பார்கள். நான் 1987ல் பிரஷ் பிடிச்சு முதல் கூலி வாங்கிவந்தபோது எங்க ஆயா கேட்டுச்சு: "இன்னாடா வேல அது?" சுவரொட்டி எழுதுறேன் ஆயா என்றேன். "எழுதுற சுவரொட்டி வயித்துக்கு ஆவுமா? துன்ற சுவரொட்டி ஒண்ணு வாங்கியாடா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. இந்த இரண்டு சுவரொட்டிக்கும் நடுவில்தான் இன்றைக்கு நான் பேசப்போகிறேன்.

நேற்று உங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். கற்பனையாக ஓர் உணவுத் திருவிழா. நம்ம சிங்கப்பெருமாள் கோவிலில் நடக்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சின்னமும் ஒரு சுவரொட்டியும் வரைய வேண்டும். சின்னம் என்றால் இப்போது லோகோ என்கிறீர்களே, அதுதான். இருபத்து மூன்று படங்கள் வந்தன. அதில் பாதிக்கு மேல் வாழை இலை. நான்கைந்து பேர் பெரிய ஓட்டல் சமையல்காரர் போடும் வெள்ளைத் தொப்பி. கரண்டியும் முள்கரண்டியும் குறுக்கே வைத்தது சில. இரண்டு நெற்கதிர். ஒரு தம்பி பர்கர் வரைந்திருந்தான். பரவாயில்லை, அவன் பசி அவனுக்கு.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பாப்பா மட்டும் பெரிய தேக்சா ஒன்று வரைந்திருந்தது. மூடி போட்டு, மூடிமேல் நெருப்புத் துண்டுகள். நல்ல கை. கோட்டில் நடுக்கமே இல்லை. "உள்ளே என்னம்மா இருக்குது?" என்று கேட்டேன். அது சுற்றிலும் ஒரு தரம் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "மூடியைத் திறந்து வரையலாமா மாமா? வரைஞ்சா யாராவது திட்டுவாங்களா?" என்று கேட்டது.

எனக்குப் பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்றேன் என்று தப்பித்துக்கொண்டேன். ராத்திரி தூக்கமும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு, அதுவும் கற்பனையான ஒரு விழாவுக்கு வரையும்போது, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? கற்பனையில்கூட மூடி போட நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? யோசித்துப் பார்த்தால், கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2015ஆம் வருஷம். இந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரு நிறுவனம். பேர் வேண்டாம். ஆண்டு விழாவோடு உணவுத் திருவிழா வைத்தார்கள். வேலை செய்கிறவர்களே சமைத்துக் கடை போடலாம் என்று அறிவிப்பு. நல்ல யோசனைதான். சின்னமும் சுவரொட்டியும் செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். கடைகளின் பட்டியல் கையெழுத்தில் வந்தது. செட்டிநாட்டுக் கோழி, மலபார் மீன், பஞ்சாபி சப்பாத்தி, பன்னீர், அடை அவியல். கடைசி வரி: 'பெரிய கறி வறுவல், களி'. அது துப்புரவுப் பிரிவில் இருந்த ஒப்பந்தப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து கொடுத்தது. அந்த நாலு பேரில் ஒருத்தி என் கூடப் பிறந்த அக்கா.

நான் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பொறுப்பில் இருந்தவர் படித்தார். கோபப்படவில்லை. அதுதான் முக்கியம். ரொம்ப மரியாதையாக, "பெயிண்டரே, இந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடுங்க. பொது விழா பாருங்க, எல்லாரும் வருவாங்க" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளைப் பெயிண்ட் டப்பா கையில்தான் இருந்தது. ஒரே இழுப்பு. அந்த இடம் காலியாகத் தெரியக்கூடாது என்று அதன்மேல் ஒரு வாழை இலை வரைந்தேன். 1,500 ரூபாய் கூலி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விழா அன்றைக்கு என் அக்கா போனாள். கடை போட இல்லை, தட்டு எடுக்க. சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டேய் தம்பி, எழுதினதும் நீதான். அழிச்சதும் நீதானா?"

தோழர்களே, 'பொது விழா, எல்லாரும் வருவாங்க' என்ற அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். 'எல்லாரும்' என்றால் யார்? வறுவல் சமைப்பதாக எழுதிக்கொடுத்த நாலு பேர் அந்த 'எல்லாரும்' உள்ளே வரவில்லை. வரப்போகிற யாரோ ஒருத்தர் முகம் சுளிப்பார் என்பதற்காக, ஏற்கெனவே உள்ளே இருந்து வேலை செய்கிற நாலு பேர் வெளியே. பொதுக் கிணறு என்றார்கள், நாம் இறங்க முடியவில்லை. பொதுப் பாதை என்றார்கள், நம் பிணம் போக முடியவில்லை. இந்த நாட்டில் 'பொது' என்ற வார்த்தை நம் காதில் விழும்போது, நம்மைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பது என்றுதான் அர்த்தமாகிறது. ஒரு சுவரொட்டியில் இருந்து ஒரு வரியை எடுப்பது சின்ன விஷயம் இல்லை. சுவரொட்டி என்பது அழைப்பு. அதில் இல்லாத பண்டம், அந்தப் பண்டத்தைத் தின்கிறவனை வராதே என்று சொல்கிறது. வாயைத் திறக்காமல் சொல்கிறது.

போர்டு எழுதுகிறவன் என்பதால் எனக்குப் போர்டுகளின் வரலாற்றில் ஒரு பித்து. 1957ல் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டல் முன்பு பெரியார் மறியல் தொடங்கினார். எதற்கு? பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை அழிக்க. மாதக்கணக்கில் நாள்தோறும் ஆட்கள் போனார்கள், கைதானார்கள். ஒரே ஒரு சொல்! சட்டியில் என்ன வேகிறது என்பதல்ல, யார் சமைத்து யார் தின்கிறார்கள் என்பதைத்தான் அந்தச் சொல் சொன்னது. அதனால்தான் அது அழிக்கப்பட வேண்டியதாக இருந்தது.

ஆனால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததே, அதற்கு எங்கேயாவது போர்டு இருந்ததா? 'இந்தக் குவளை சேரிக்கு' என்று நான் எழுதிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்தது. எழுதி வைத்த சாதியை அழிக்கலாம். எழுதாத சாதியை எந்தத் தின்னர் போட்டு அழிப்பது?

சில நேரம் அது எழுத்தாகவே வந்துவிடும். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியில் ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் போஸ்டர்கள் ஒட்டியிருந்தார்கள். சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், கை கழுவ தனித் தொட்டி. மாணவர்கள் கேள்வி கேட்டு, செய்தியான பிறகு போஸ்டரைக் கிழித்தார்கள். ஒட்டிய கைக்கு அதில் தப்பு எதுவும் தெரிந்திருக்காது. எந்தப் பக்கம் போகணும்னு வழி காட்டுறோம் என்று நினைத்து ஒட்டியிருக்கலாம். வெள்ளைப் பெயிண்ட் அடித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது நம் பயிற்சிக்கு வருவோம். கற்பனை உணவுத் திருவிழா என்றோம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு விழா நிஜமாகவே கற்பனையாகப் போனது உங்களுக்குத் தெரியுமா? 2022 மே மாதம். திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தது. மே 13, 14, 15, மூன்று நாள். ஆம்பூர் பிரியாணி என்றால் சீரகச் சம்பா அரிசி, கூடவே கத்திரிக்காய்த் தொக்கு, ஊரே மணக்கும். ஆனால் அந்த விழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கும் பன்றிக்கறி பிரியாணிக்கும் இடம் இல்லை என்றார்கள். ஆம்பூரில்! மாட்டுக்கறி பிரியாணி தெருத்தெருவாக விற்கிற ஆம்பூரில்! விடுதலைச் சிறுத்தைகளும் முஸ்லிம் அமைப்புகளும் எதிர்த்தார்கள். நீங்கள் உள்ளே விடாவிட்டால் நாங்கள் வெளியே இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், இது பாகுபாடு ஆகாதா என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. விழாவுக்கு முந்தின நாள், கனமழை எச்சரிக்கை இருப்பதால் தள்ளிவைக்கிறோம் என்று அறிவிப்பு வந்தது.

அந்தத் தேதியில் ஆம்பூரில் திருவிழா இல்லை. ஒரு வகைப் பிரியாணிக்கு இடம் கொடுப்பதைவிட, எல்லாப் பிரியாணியையும் மழையில் விடுவது சுலபமாக இருந்திருக்கிறது.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது என்ன தெரியுமா? ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல் தொழில். மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் அங்கே பதமாகி, செருப்பாகி, ஷூவாகி வெளிநாட்டுக்குப் போகிறது. நம் சனங்களும் முஸ்லிம் சனங்களும் அந்தத் தொட்டிகளில் நின்றுதான் வேலை செய்தார்கள். மாட்டின் தோல் நாட்டுக்கு அன்னியச் செலாவணி. அதே மாட்டின் கறி விழாவுக்கு அசிங்கம். தோலை உரித்தவன் கையும் கறியைச் சமைத்தவள் கையும் ஒரே வீட்டுக் கைதானே ஐயா!

அதே 2022 ஆகஸ்டில் சென்னை தீவுத்திடலில் அரசு நடத்திய உணவுத் திருவிழாவிலும் முதலில் பீஃப் பிரியாணிக் கடை இல்லை. ஏன் இல்லை என்று கேள்வி எழுந்தது. பிறகு கடை வந்தது. விழா நின்றுவிடவில்லை, வானம் இடிந்து விழவில்லை. கேட்டால் வருகிறது. கேட்கும்வரை ஏன் வருவதில்லை என்பதுதான் நம் கேள்வி. முதல் பட்டியலை எழுதுகிற கை யாருடையது?

இங்கே ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வந்து பாருங்கள். ஒரகடம் ஷிப்ட் முடிந்து பஸ்கள் வந்து நிற்கும். தள்ளுவண்டியில் பீஃப் பக்கோடா, பீஃப் சில்லி. நம்ம பிள்ளைகள், ஒரிசா பிள்ளைகள், அசாம் பிள்ளைகள் எல்லாரும் நின்று தின்கிறார்கள். அந்த வண்டிகள் சிலவற்றுக்கு நான்தான் போர்டு எழுதினேன். ஒருத்தர்கூட 'மாட்டுக்கறி' என்று எழுதச் சொன்னதில்லை. 'பீஃப்'. முன்பெல்லாம் 'பெரிய கறி'. அதற்கும் முன்னால் போர்டே கிடையாது, சாக்குப் படுதாதான் போர்டு. பீஃப் என்றால் நாகரிகம், மாட்டுக்கறி என்றால் சேரி. ஒரே கறி, ஒரே மசாலா. தமிழில் சொன்னால் மட்டும் நாறுகிறது. சொந்த மொழியில் பேர் சொல்ல முடியாத உணவை நாம் தின்றுகொண்டிருக்கிறோம்.

எங்க ஆயா உப்புக்கண்டம் போடும். கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றுக்கொடியில் காயவைக்கும். வீட்டுக்கு முன்னால் கட்டாது, பின்னால்தான். "கொடியப் பாத்தா எந்தத் தெருன்னு கண்டுபுடிச்சிடுவாங்கடா" என்று சொல்லும். யோசித்துப் பார்த்தால் எங்கள் தெருவுக்கு முதல் லோகோ அந்தக் கொடிதான். வரைந்தவர்கள் நாங்கள் இல்லை. அடுத்தவன் பார்வை வரைந்தது. அடையாளத்தை நாம் வரையாவிட்டால் அடுத்தவன் வரைந்துவிடுவான் என்பதை எந்த ஓவியக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் கயிறு சொல்லித்தந்தது.

சரி, அப்படியானால் சுவரொட்டி முழுக்க மாட்டுத்தலையை வரைந்துவிடலாமா? நேற்று ஒரு தம்பி கோபமாக அப்படித்தான் சொன்னான். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, பசியை அலங்காரம் பண்ணக்கூடாது. ஆயா தின்ற கறியெல்லாம் ருசிக்காகத் தின்றதல்ல. செத்த மாட்டைத் தூக்குவது அடிமை வேலை, அந்தக் கறிதான் கூலி. 1927 மார்ச்சில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் கூடிய மாநாட்டில், செத்த மாட்டுக் கறியைத் தின்பதில்லை என்று நம் சனங்கள் உறுதி எடுத்தார்கள். அதே அம்பேத்கர், தீண்டப்படாதோர் குறித்து 1948ல் வெளியிட்ட நூலில், மாட்டுக்கறி தின்றதே தீண்டாமை ஒட்டிக்கொண்டதன் வேர் என்று ஆராய்ந்து எழுதினார். இரண்டும் முரண் அல்ல. இழிவாகத் திணிக்கப்பட்டதை மறுப்பதும், நம் உணவை வைத்து நம்மை இழிவு செய்வதை மறுப்பதும் ஒரே மனிதனின் ஒரே சுயமரியாதை. ஆகவே சுவரொட்டியில் பழைய பசியை வேடிக்கைப் பொருளாக வைக்க வேண்டாம்.

இரண்டாவது, மாட்டுக்கறி நமக்கு மட்டும் பட்டா போட்ட உணவல்ல. முஸ்லிம், கிறித்தவர், கேரளத்தில் பலரும், இங்கே ஊர்த்தெருவில் இருட்டிய பிறகு படுதாவுக்குள் நுழைகிற எத்தனையோ பேரும் தின்கிறார்கள். தலித் என்றாலே மாட்டுக்கறி என்று சுருக்குவதும் ஒரு முத்திரைதான். கேழ்வரகுக் களி, நத்தை, நண்டு, ஏரி மீன், கீரை, மொச்சை, புளிச்சாறு என்று எங்கள் அடுப்பில் வெந்தவை ஏராளம். மூன்றாவது, நம்மிலேயே கறி தொடாதவர்கள் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் உண்டு. அவர்களும் விழாவுக்கு வரவேண்டும். அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று தெரிந்து அவர்கள் சாப்பிட வேண்டும்.

அதனால் மாட்டை முன்னால் நிறுத்துவது நம் நோக்கம் அல்ல. எந்தப் பண்டமும் மறைக்கப்படாத ஒரு சுவரொட்டியை எழுதுவதுதான் நோக்கம். இனி தொழிலுக்கு வருகிறேன். எப்படி வரைவது?

முதலில் சின்னம். ஒரு சின்னம் கையளவு ரப்பர் ஸ்டாம்பிலும் தெரிய வேண்டும், ஆளுயரச் சுவரிலும் தெரிய வேண்டும். ஒரே வண்ணத்தில் அச்சடித்தாலும் நிற்க வேண்டும். நம் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ரயிலில் இருந்து பார்க்கிறவனுக்கும் புரிய வேண்டும். 1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சின்னங்கள் எதற்கு வந்தன? எழுத்துத் தெரியாத சனங்களும் ஓட்டுப் போடுவதற்கு. எழுத்து மறுக்கப்பட்டவனுக்கும் புரிவதுதான் சின்னம். படித்தவனுக்கு மட்டும் புரிந்தால் அது வெறும் அலங்காரம்.

வாழை இலை வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வரையும்போது பந்தி முடிந்த பிறகு அந்த இலையை எடுத்தது யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு வரையுங்கள். நெற்கதிர்? அழகுதான். இதே செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891ல் நம் சனங்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892ல் நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த நிலம் கைமாறிப் போய், காரணையில் அதை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இந்த மாவட்டத்தில் நெற்கதிரை வரைகிறவன் அதை மறந்துவிட்டு வரைய முடியாது. பானை? 2019ல் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றதிலிருந்து, பானை வரைந்தால் கட்சி விழா என்பார்கள். போலீஸ் அனுமதியே கிடைக்காது!

ஆகவே எனக்கு அந்தப் பாப்பாவின் தேக்சாதான் சரி என்று படுகிறது. கல்யாணத்துக்கும் தேக்சா, கந்தூரிக்கும் தேக்சா, கிறிஸ்துமஸுக்கும் தேக்சா, கட்சிப் பொதுக்கூட்டத்துக்கும் தேக்சா. யாருக்கும் சொந்தமில்லாத பாத்திரம், எல்லாருக்கும் சோறு போட்ட பாத்திரம். ஒரே ஒரு மாற்றம். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வை. ஆவி மேலே எழும்பட்டும். மூன்று கோடு போதும். உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. திறந்திருக்கிறது என்பது தெரிந்தால் போதும். உள்ளே என்ன என்பதைச் சுவரொட்டி சொல்லும்.

வண்ணம். ஓட்டல்காரர்கள் சிவப்பும் மஞ்சளும் பசியைத் தூண்டும், நீலம் பசியைக் கொல்லும் என்பார்கள். சாப்பாட்டுக் கடைக்கு நீலம் கேட்டால் எந்தப் பெயிண்டரும் யோசிப்பான். நான் சொல்கிறேன், நீலமே போடுங்கள். பாத்திரம் நீலம், நெருப்பு சிவப்பு. நம் பசியைக் கிளப்ப வண்ணம் தேவைப்பட்டதில்லை.

அப்புறம் அந்தப் பச்சைப் புள்ளி, பழுப்புப் புள்ளி. 2001 முதல் பொட்டலங்களில் அசைவத்துக்குப் பழுப்பு வட்டம், சைவத்துக்குப் பச்சை வட்டம். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் குழம்புகிறார்கள் என்று 2020ஆம் ஆண்டு விதிகளில் அசைவத்துக்கு முக்கோணமாக மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் அதைப் போடுங்கள். தின்னாதவனுக்கும் தெரியட்டும். மறைத்துக் கொடுப்பது நம் வேலை அல்ல. ஆனால் அந்த அடையாளம் தட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. பச்சைப் புள்ளிக்காரனுக்குத் தனி வாசல், முக்கோணத்துக்காரனுக்குத் தனித் தொட்டி என்று ஆகிவிடக்கூடாது.

இப்போது சுவரொட்டி. டபுள் கிரவுன் தாள், 20க்கு 30 அங்குலம். கால் பங்கு சின்னத்துக்கு, கால் பங்கு நாள், இடத்துக்கு. மிச்சம் பாதி முழுக்கப் பண்டங்களின் பேர். அதில்தான் நம் அரசியல். கோவில் திருவிழாப் போஸ்டரைப் பாருங்கள், கட்சிப் போஸ்டரைப் பாருங்கள். யார் பேர் மேலே, யார் பேர் பெரிய எழுத்து, யார் பேர் 'மற்றும்' என்பதற்குப் பின்னால்! எழுத்தின் அளவிலேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. நாம் எல்லாப் பேரையும் ஒரே அளவில், அகர வரிசையில் எழுதுவோம். அடை, அவியல், ஆட்டுக்கால், இட்லி, உப்புக்கண்டம், களி, கோழி, சுவரொட்டி, தயிர்சாதம், நண்டு, பன்றிக்கறி, மாட்டுக்கறி, மீன். அகர வரிசைக்குத் தீட்டு தெரியாது. 'மற்றும் பல' என்று மட்டும் முடிக்காதீர்கள். நம்மை எப்போதும் அந்த 'மற்றும் பல'வில்தான் போட்டார்கள்.

இடம் என்ற வரிக்கு வந்தபோது நேற்று ஒரு பெரியவர் கேட்டார். "ஊர்ப் பேரே கோவில். மலையைக் குடைஞ்சு பாடலாத்ரி நரசிம்மர் இருக்கிறார். அந்தப் பேரைப் போட்டு அதுக்குக் கீழே மாட்டுக்கறின்னு எழுதினா பிரச்சினை வராதா?" நியாயமான பயம். எனக்கும் உண்டு. ஆனால் என் ரேஷன் கார்டிலும் இதே ஊர்ப் பேர்தான் இருக்கிறது. அதைக் கொடுத்தபோது நீ என்ன தின்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டேஷன் போர்டிலும் இதே பேர்தான், அதன் கீழே நின்று இறங்குகிறவர்கள் எல்லாம் ஒரே குழம்பா ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்? ஊர் பேர் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் பேர். பக்கத்தில் இருந்த இன்னொரு பெரியவர் மெதுவாகச் சொன்னார், "சிங்கத்து பேர்ல இருக்கிற ஊருய்யா இது." எல்லாரும் சிரித்துவிட்டோம்.

எங்கே ஒட்டுவது? நம் தெருவில் மட்டும் ஒட்டிவிட்டு வந்தால் அது நமக்கு நாமே எழுதிக்கொண்ட கடிதம். ஊர்த்தெருவிலும் ஒட்ட வேண்டும், சந்தைப் பக்கமும் ஒட்ட வேண்டும், அனுமந்தபுரம் போகிற சாலையிலும் ஒட்ட வேண்டும். சுவர்க்காரரிடம் கேட்டு ஒட்டுங்கள், பகலில் ஒட்டுங்கள். பகலில் ஒட்டுவதுதான் முக்கியம். ஃபிளக்ஸ் வேண்டாம். 2019ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண்ணின் உயிர் போனதை மறக்கக்கூடாது. தாளும் பசையும் போதும். யாராவது கிழிப்பார்கள். கிழித்தால் மறுநாள் இன்னொன்று.

பாப்பா, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். திறந்து வரைந்தால் யாராவது திட்டுவார்களா? திட்டுவார்கள். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில பேர் முகத்துக்கு நேரே திட்டுவார்கள். சில பேர் ரொம்ப மரியாதையாக, 'பொது விழா பாருங்க' என்பார்கள். இரண்டாவது ஆளிடம்தான் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் தோற்றது அவரிடம்தான். அந்த நேரத்தில் உன் கையில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தால் கீழே வைத்துவிட்டு, 'எல்லாரும்னா யார் யாருங்க?' என்று ஒரு கேள்வி மட்டும் கேள். நான் கேட்காத கேள்வி அது.

இந்த விழா இன்றைக்குக் கற்பனைதான். அடுத்த சித்திரையில் அண்ணல் பிறந்தநாளை ஒட்டி இதை நிஜமாகவே நடத்தலாம் என்று இங்கே சிலர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. நடந்தால் சுவரொட்டியை நான் கூலி வாங்காமல் எழுதித் தருகிறேன். 1,500 ரூபாய்க் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

இங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் போகிறேன். வறுவல் கடைக்கு என்ன பேர் எழுதணும்னு அவளிடமே கேட்க வேண்டும். பெரிய கறியா, பீஃபா, மாட்டுக்கறியா என்று. அவள் எதைச் சொல்கிறாளோ அதையே எழுதுவேன்.

ஜெய்பீம்.